நான்காவது சதுரம்

ஜனவரி மாதத்து ட்ரோம்ஸோவில்
நிறம் பார்த்து வாங்குவது
இருட்டில் ஊசி கோப்பது.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
இன்னும் மலைக்குப் பின்னால்.

ஸ்கீ கட்டைகளும் உறைபெட்டியும் அடைந்துகிடந்த
பின்னறையை எனக்கென்று காலி செய்தோம்.
காரணம் ஐலிஃபின் குறட்டை.
இருபத்தேழு வருடம் கேட்டது போதும் என்று
கோபமில்லாமல்தான் சொன்னேன்.
வெண்ணெய் தடவியபடியே
சரி என்றார்.
ஒரே ரொட்டியில் இரண்டு தடவை தடவினார்.

இளஞ்சிவப்பு வேண்டும் என்றேன்.
கடைக்காரர் ஊட்வார் அட்டையை விசிறியாக விரித்தார்.
சிவப்பின் இளமைக்குள் இத்தனை வயதா?
பிறந்து மூன்று நாளான சிவப்பு,
தவழும் சிவப்பு,
பள்ளிக்குப் போகமாட்டேன் என்று
தரையில் புரளும் ஒன்று.
நான்கு சின்ன டப்பாக்கள் வாங்கினோம்.

ஐலிஃப் நாடா ஒட்டி, கோடு பிசகாமல்
சுவரில் நான்கு சதுரம் பூசினார்.
படகுக்குப் பூசிப் பழகிய கை.

சமையலறை விளக்கைத் தூக்கிவந்து பார்த்தேன்.
முதலாவது, வெந்த இறாலின் ஓடு.
இரண்டாவது, குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த காது மடல்.
மூன்றாவதில் கொஞ்சம் சாம்பல்.
நான்காவது, மூன்றாவதைவிட ஒரு மூச்சு வெளிர்.
"இல்லை, ஒரு மூச்சு அடர்த்தி" என்றார்.
மூன்று நாள் இதே வழக்கு.
அக்கா மகள் ரன்வெய்க் வந்து
"எல்லாம் பிங்க்தானே சித்தி?" என்றாள்.
அவளுக்குக் காபி கொடுக்கவில்லை.

"சூரியன் வரட்டும், விளக்கு பொய் சொல்லும்."
நியாயம்தானே. காத்திருந்தேன்.
பதினோரு இரவு
அதே கட்டில், அதே குறட்டை,
எதிர்நீரில் திணறி ஏறும் டீசல் படகு.

இருபத்தொன்றாம் தேதி
பாலத்துக்கு அப்பால் ஒரு விளிம்பு, நான்கே நிமிடம்.
தெருவெல்லாம் ஜாம் வைத்த பன்னும் கையுமாக நின்றது.
நான் பின்னறையில் நின்றேன்.
வெளிச்சம் வந்து சுவரில் சாய்ந்தது.
இறால் இறாலாக, காது காதாக.
மூன்றும் நான்கும்
அக்கா தங்கைகூட இல்லை,
ஒருத்தியேதான்.

ஐலிஃப் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார்,
வாருவதற்கு அன்று பெரிதாகப் பனியில்லை.
குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன்.
நான்காவது டப்பாவின் மூடி
நெம்பப்படவே இல்லை.
விளிம்பில் ஒரு சொட்டு இல்லை.

பூட்ஸைத் தட்டிக்கொண்டு வந்தார்.
"எது?"
கண் சுவரில் இல்லை.

"அந்த நாலாவதுதான் குழப்புகிறது" என்றேன்.
"மார்ச் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடலாம்."
டப்பாவைக் காலால்
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

அன்றிரவு பத்தரைக்கே படகு கிளம்பிவிட்டது.
எழுந்து பஞ்சு தேடினேன்.
கிடைத்தது,
ஒரு காதுக்கு மட்டும்.