பதினாறாம் நாள்

அவையைக் கலைத்த பிறகும்
திங்கள்தோறும் நான் போகவேண்டும்.
மைக்குகளுக்குத் தூசி ஆகாது, ஈரம் ஆகாது,
யாரும் பேசாமல் கிடப்பது அதைவிட ஆகாது.

குவைத், வளைகுடாச் சாலை.
தொய்ந்த கூடாரத் துணிபோல் வார்த்த கான்கிரீட் கூரை.
எதிரே கடல்.
ஊரடங்கு அனுமதிச் சீட்டைக் காவலர்
வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.

அரபியை நான் ஹெட்போனில் கற்றேன்.
ரொட்டிக்கு முன்னால் 'ஆணை' தெரியும்,
தண்ணீருக்கு முன்னால் 'கணக்கு'.
பத்தொன்பதாம் இருக்கையின் கரகரத்த குரல்
ஒருநாள் விதியை வாசித்தது:
அவை இல்லாத வேளை பிறக்கும் ஆணை
அவை கூடியதும் பதினைந்து நாளுக்குள் வந்து நிற்கவேண்டும்,
வராவிட்டால்
பிறக்கவே இல்லை என்றாகும்.
அவருடைய ஒலியளவை ஒரு கோடு ஏற்றினேன்.
அது என் வேலையில் சேர்த்தியா, தெரியாது.

மஹ்பூலாவில் எங்கள் கேம்ப்.
நான்கு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு தொட்டி.
நோய் வந்து தெருவைப் பூட்டியபின்
தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை.
மாடிக்கு இருவராய்க் கூடி
விடியவிடியப் பேசினோம்.
பேசி முடிப்பதற்குள் தொட்டி காலி.

அதனால்தான் சாவியைச் செவத்தையாவிடம் கொடுத்தோம்.
கம்பி கட்டும் ஃபோர்மேன், பரமக்குடிப் பக்கம்,
அதட்டினால் கிரேன்கூட நிற்கும்.
எத்தனை நாளைக்கு என்று யாரோ கேட்க
என் வாய் பதினைந்து என்றது.
சிமெண்ட் பையைக் கிழித்து எழுதிக்கொண்டோம்.

உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாகச் செய்தான்.
ஆளுக்கு ஒரு வாளி, காய்ச்சல்காரனுக்கு இரண்டு.
தன் வாளியைக் கடைசியில் பிடித்தான்.
ஒன்பதாம் நாள் யாதகிரி எதிர்த்துப் பேசினான்,
மூன்றாம் மாடிக்கு அன்று முழுக்கத் தண்ணீர் இல்லை.
யாரும் கேட்கவில்லை.
எங்கள் மாடியில் அன்று தாராளம்.
நான் தலைக்குக் குளித்தேன்.

பதினாறாம் நாள்.
எங்கள் ஊரில் காரியம் செய்து
முடித்து அனுப்பும் நாள்.
சிமெண்ட் தாளை நான் விரித்ததும் முணுமுணுத்தார்கள்:
நோய் போய்விட்டதா என்ன?
நல்ல கையில்தானே இருக்கிறது?

நல்ல கை என்பதால்தான் கேட்க முடிகிறது என்றேன்.
வேறு கையிடம்
கேட்கவா முடியும்?

செவத்தையா என்னையே பார்த்தான்.
கழுத்திலிருந்து சிவப்பு ஒயரில் கோத்த சாவியை உருவினான்.
கணக்கு வேணுமா?
ஆற்றிலே போட்டாலும் அளந்துதானே போடணும், இந்தா
என்று நோட்டைப் பிரித்து அவனே வாசித்தான்.
நாள் ஒன்று, நாள் இரண்டு...
ஒன்பதில் குரல் நின்றது.
'மூணாம் மாடி, பூஜ்யம்' என்று
மெதுவாகப் படித்தான்.
எழுதி வைத்திருந்தான், பாருங்கள்.

சாவியை மறுபடி அவனிடமே கொடுத்தோம்.
இன்னும் பதினைந்து.
ஆனால் தொட்டிக்கு இன்னொரு பூட்டும் வாங்கி
அதன் சாவி யாதகிரிக்கு.

மறுநாள் யாதகிரி தூங்கிவிட்டான்.
இருநூறு வாளிகள் அரைமணி நேரம் காத்திருந்தன.
ஐந்து மொழிகளில்
என்னைத் திட்டினார்கள்.
வங்காளிதான் நன்றாகத் திட்டினான்.

திங்கள். காலி மண்டபம்.
ஒவ்வொரு மைக்கிலும் ஒன்று, இரண்டு, மூன்று,
தமிழில்தான்.
பத்தொன்பதில் மட்டும் பதினைந்துவரை எண்ணினேன்.
கூரை வாங்கித் திருப்பித் தந்தது.
அதற்கு மேல் எண்ணவில்லை,
எண்ணவேண்டியது நான் இல்லை.

வெளியேறும்போது பதிவேடு.
'பழுது' என்ற கட்டத்தில்
வழக்கம்போல 'இல்லை' என்று எழுதப்போய்
பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றேன்.
காவலர் மணி பார்த்தார்.
ஊரடங்குக்கு இருபது நிமிடம்.