வினா ஆறு, பகுதி இ

பம்பலப்பிட்டியில், கல்லூரி மண்டபத்தில்
மின்விசிறிக்குப் பறக்காமல் விடைத்தாள்களின் மேல்
ஒரு கல், ஒரு கண்ணாடிக்கூடு,
ஃபர்ஸானாவின் சாப்பாட்டுப் பெட்டி, என் கைப்பை.
எனக்கு ஆறாம் வினா:
ஏற்றம் பெற்ற பொட்கோளக் கடத்தியொன்றின் உள்ளே
அழுத்தம் எவ்வளவு?

பூச்சியம் என்கிறார்கள்.
பத்துக்கு ஆறு பேர் பூச்சியம் என்கிறார்கள்.
உள்ளே புலம் இல்லையென்று படித்த வேகத்தில்
ஒரு படி கூடுதலாக இறங்கிவிடுகிறார்கள்.
சிவப்புக் கோடு. அடுத்த தாள்.

ஏற்றம் எல்லாம் தோலில்தான், பிள்ளைகளே.
ஒன்றையொன்று பொறுக்காமல் விலகி விலகி
வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.
உள்ளே தள்ளவும் ஆளில்லை, இழுக்கவும் ஆளில்லை.
ஆனால் முடிவிலியிலிருந்து
ஒரு கூலோமைச் சுமந்து வந்து பாருங்கள்.
வாசல் வரைக்கும் பட்ட பாடு
வாசலைத் தாண்டியதும் கழிந்துவிடுமா?
விளிம்பில் எவ்வளவோ
நடுவிலும் அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை மட்டும்
(சுட்டெண் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது)
உள்ளே கிடைக்கோடு, ஆரைக்கு அப்பால் சரியும் வளைகோடு
எல்லாம் சரியாக வரைந்துவிட்டு
கோளத்துக்குள் ஓர் ஆளை நிறுத்தியிருந்தது,
பென்சிலால்.
தலைமயிர் படிந்தபடி. கையில் ஒரு பை.
புள்ளித் திட்டத்தில் அந்த ஆளுக்கு இடமில்லை.
மூன்றுக்கு மூன்று போட்டுவிட்டு
கொஞ்ச நேரம் தாளைத் திருப்பாமல் இருந்தேன்.

ஐந்து மணிக்கு வானம் இருண்டு இடித்தது.
நவரூபன் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.
மரைன் டிரைவில் கடலும் றோட்டும் ஒரே நிறம்.
"பயப்படாதையுங்கோ மிஸ், தகரக் கூடு.
மேலை விழுந்தாலும் எங்களுக்கு ஒண்டும் தெரியாது."
அவரும் பௌதிகம்தான். வினா எட்டு.

வெள்ளவத்தைச் சந்தியில் போன் அடித்தது.
தங்கச்சி, டொரொண்டோவில் இருந்து.
அங்கே இன்னும் விடிந்து முடியவில்லை.
"அக்கா, ரிப்போர்ட் வந்ததோ? என்னவாம்?"

மடியில் கைப்பை.
பைக்குள் மஹரகமவில் தந்த உறை,
காலையில் பிரித்து, மடித்து, திரும்ப ஒட்டியது.
வைப்பர் போனது, வந்தது.
நவரூபன் மரியாதையாய்
மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லையடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு,
காலையிலிருந்து
நூற்றுக்கு மேல் தாள்களில்
நானே வெட்டிய விடை.

மின்னல் கடலுக்குள் இறங்கியது.
காருக்குள்
ஒரு மயிரும் அசையவில்லை.