ராபியா கயிற்று வீடு

காட்டுக்குள் முதலில் நுழைந்தது
சிவப்பு ராபியா கயிறு.
முளைக்குச்சி, முடிச்சு, இழுப்பு,
மறுபடி முடிச்சு.
பத்து மணிக்குள்
பாலிக் பூலாவ் சரிவில்
எங்களுக்கு ஒரு வரவேற்பறை இருந்தது,
உள்ளே இரண்டு ரம்புத்தான் கன்றும்
நகராத ஒரு பாறையும்.

வரைபடத்தில் மரங்கள் இல்லை.
வரைந்த விக்னராஜ் மேல் தப்பில்லை.
நாற்பதுக்கு அறுபது என்று சொன்னவளும் நான்,
நடுவில் பெரிதாக ஒன்றுமில்லை என்று
சொன்னவளும் நான்.
சமையலறையில்,
சரியாக அடுப்பு வரவேண்டிய இடத்தில்,
ஒரு ஜாதிக்காய் மரம் காய்த்துக்கொண்டிருந்தது.

லொம்போக்கிலிருந்து வேலைக்கு வந்த ஹம்ஸான்
இடுப்பில் பாராங்கோடு
கயிற்றருகே நின்றார்.
தாண்டவில்லை.
சுற்றிப் போய்
வாசலுக்கென்று விட்ட மூன்றரை அடி இடைவெளியில்
செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்தார்.
சிரிக்கத்தான் நினைத்தேன்.
அப்புறம் நானும் கழற்றினேன்.
இரண்டு அட்டை ஏறியது.

ரெலாவில் பதினோராவது மாடி,
இருபத்திரண்டு வருஷ வாடகை.
பக்கத்து வீட்டில் இருமினால்
எங்கள் காலண்டர் அசையும்.
மேல்வீட்டு வாஷிங் மெஷின்
என் தூக்கத்துக்குள் சுற்றும்.
எவரோடும் பங்கு போடாத
ஒரு சுவர் வேண்டும் என்றுதான்
லோன் எடுத்தோம், நகையை வைத்தோம்,
வேலை முடிந்த இரவுகளில்
முகிலன் வாடகைக்கார் ஓட்டினார்.
இப்போது அந்தச் சுவர் நிற்கப்போகும் இடத்தில்
ஏற்கெனவே நிற்பவற்றை
எண்ணச் சொல்கிறார்கள்.

முப்பத்தொன்று.
ஸ்ப்ரே டின்னை ஆட்டினேன்,
உள்ளே குண்டு கடகடத்தது.
பெருக்கல் குறி போட்டால் விழும்,
வட்டம் போட்டால் நிற்கும்.
ஆயிரம் பிள்ளைகளின் தாளில்
குறி போட்ட கைதான்.
அங்கே மறுதேர்வு உண்டு.

ரப்பர் மரங்களுக்கு யோசிக்கவில்லை.
யாரோ என்றைக்கோ சீவிவிட்டுப் போன கோடுகள்
பட்டை மூடியும் மூடாமலும்.
ஏழுக்கும் பெருக்கல்.
பெத்தாய் மரத்துக்கு வட்டம்,
அதில் என் நாக்குக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.
ஜாதிக்காய்க்கு முன்னால்
டின்னை மூன்று தடவை ஆட்டினேன்.
“பெயிண்ட் தீர்ந்துபோச்சா?” என்றார் முகிலன்.
விக்னராஜைக் கூப்பிட்டேன்.
அடுப்பை நகர்த்தலாம் அக்கா,
ஆனால் பிளான் மறுபடி மேலே போகணும்,
மூணு மாசம், அதுகூட என் ஊகம்தான்.
மூன்று மாத வாடகையை
முகிலன் வாய்க்குள்ளேயே கூட்டுவது தெரிந்தது.
ஈரப்பட்டையில் பெருக்கல் போட்டுவிட்டு
திரும்பிப் பார்க்காமல் காருக்கு வந்தேன்.
நாலு மணிக்கு மழை பிடித்தது.

பூன் ஹெங்கின் மண்வாரி
செவ்வாய்க்கிழமை வந்தது.
செவ்வாய் வேண்டாம் என்று என் நாத்தனார் சொல்லியிருந்தார்,
புதனன்று அவருக்கு வேறொரு சரிவு.
தேநீர் நேரத்துக்குள்
ஏழு ரப்பரும் விழுந்தன.
வெளிச்சம் எந்தக் கயிற்றையும் மதிக்காமல்
எல்லா அறைக்குள்ளும் ஒரேயடியாக வந்தது.
பாசி பிடித்த பாறை
திடீரென்று யாரோ போர்வையை இழுத்ததுபோல்
கிடந்தது.
அடிமரங்களில் மட்டும் பால் நின்றபாடில்லை.
மங்கு வைக்க ஆளில்லாமல்,
கிலோ கணக்கு எழுத ஆளில்லாமல்,
மண்ணில் இறங்கியது.

ஜாதிக்காயிடம் வந்து
பூன் ஹெங் இயந்திரத்தை நிறுத்தினார்,
எஞ்சினை அணைக்கவில்லை.
மழையில் என் குறி வழிந்து
வட்டமா பெருக்கலா என்று தெரியாமல்
ஒரு சிவப்புக் கறையாகியிருந்தது.
தலையை வெளியே நீட்டிக் கேட்டார்:
“போத்தோங்? சிம்பான்?”
வெட்டவா, வைக்கவா.

மணிக்கு நூற்றைம்பது வெள்ளி.
டீசல் புகை
எங்கள் படுக்கையறையில் சுழன்றது.
முகிலன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கயிற்றைச் சுற்றிப் போய்
வாசல் வழியாக உள்ளே நுழைந்து
மரத்தடியில் நின்றேன்.
“போத்தோங்.”
அந்தச் சமையலறையில்
நான் பேசிய முதல் வார்த்தை.

விழுந்த பிறகு
ஹம்ஸான் காய்களைப் பொறுக்கினார்.
சில வெடித்து, உள்ளே ஜாதிபத்திரி
பெயிண்டைவிடச் சிவப்பாக.
சட்டையை மடித்து ஏந்தியபடி
எங்கே வைப்பது என்று சுற்றும் பார்த்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவராகவே
அடுப்பு வரும் இடத்தில்
குவித்துவிட்டு
வாசல் வழியாக வெளியே போனார்.