ஏத்திட்டேன், இறங்கிட்டா

சுபாங்கிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு
ஆகாய வழியில் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை.
டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும்.
ஊர்வதையும் வரிசையில் நிற்பதையும் கழித்தால்
சக்கரம் தரை தொடாத நேரம்
நாற்பத்தைந்து நிமிடம்,
எதிர்காற்று என்றால் கொஞ்சம் கூட.
சாலையில் வந்தால் தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ என
மூன்று இடத்தில் மூத்திரத்துக்கு நிறுத்தி
அரை நாள் போய்விடும்.

என் கணக்கு வேறு.
மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை
'லோஷினி அம்மா' என்று பதிந்து வைத்திருக்கும் எண்ணிலிருந்து
ஒரு சொல் வரும்: ஏத்திட்டேன்.
நான் அனுப்புவதும் ஒன்றுதான்: இறங்கிட்டா.
கையெழுத்துப் போட்டுப் பிரிந்து மூன்று வருஷம்.
எங்கள் மொழியில் மிஞ்சியது இரண்டு வினைமுற்று.
எழுவாய், இலக்கணப்படி, தோன்றா எழுவாய்.
தவமலர் தமிழாசிரியை.
பிழை இருந்தால் திருத்தியிருப்பாள்.

பிறையில் கையுறைத் தொழிற்சாலை எனக்கு.
ஷிப்ட் முடிந்து மைவியைக் கிளப்பினால்
பாலத்தில் லாரி, லாரிக்குப் பின்னால் லாரி.
பதினொரு வயதுப் பெண்
கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு
பேராக் மாநிலம் முழுவதையும் கடந்து வரும் நேரத்தில்
அவள் அப்பன்
கடலின் பாதியைத் தாண்டியிருக்க மாட்டான்.

அன்று மட்டும் நான் முந்திவிட்டேன்.
பலகையில் 'தாமதம்'.
கண்ணாடிக்கு வெளியே வானமே இல்லை,
மழைதான் இருந்தது.
கைப்பேசியில் அந்த மஞ்சள் விமானத்தைத் திறந்தேன்.
நகத்தளவு.
தீவுக்குத் தெற்கே, கடல்மேல்,
வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது,
தலையணையில் இடம் பிடிக்காத பூனை மாதிரி.

போன் அடித்தது.
சொல் இல்லை, அழைப்பு.
"சுத்துது," என்றாள்.
"ஆமா. நானும் அதான் பாக்குறேன்."
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அவள் பக்கம் ஃபேன் ஓடும் சத்தம்,
என் பக்கம் தள்ளுவண்டிகள்.
"எண்ணெய் இருக்குமில்ல?"
"இருக்கும். கணக்குப் பண்ணித்தான் ஊத்துவாங்க."
எனக்கு என்ன தெரியும்.
"பசியாறிட்டாளா?"
"ரொட்டி சானாய். பாதிய வச்சிட்டா."
"அவ எப்பவும் பாதிதான்."
"இப்ப திரும்புது பாரு."
"திரும்புது."
"நேரா வருதா?"
"நேரா மாதிரிதான் இருக்கு. இரு."

பத்தொன்பது நிமிடம்.
அடுத்த நாள் அழைப்புப் பட்டியலில் பார்த்தேன்.
நாங்கள் பேசியது முப்பது சொல் இருக்கும்.

பணிப்பெண் கையைப் பிடித்தபடி வந்தாள்,
சாக்ஸ் ஒன்று கணுக்காலில் சரிந்து.
"அப்பா, அந்தக் குட்டித் தீவு இருக்குல்ல,
அதையே மூணு தரம் பார்த்தேன்.
மூணாவது தரம் லைட் போட்டுட்டாங்க."
பையை வாங்கிக்கொண்டு, படிவத்தில் கையெழுத்திட்டு,
வழக்கமான சொல்லைத் தட்டக் கைப்பேசியை எடுத்தால்
அது ஏற்கெனவே அங்கே வந்து கிடந்தது,
அவள் எண்ணிலிருந்து:
இறங்கிட்டா.

இனி நான் எதை அனுப்புவது?
ஏத்திட்டேன் என்று எழுதினேன்.
காரில்தான்.
பாலத்தில் இன்னும் நெரிசல்,
பதிமூன்று கிலோமீட்டர் சொச்சம்,
ஒரு மணி பத்து நிமிடம் என்கிறது வழிகாட்டி.
லோஷினி மீதி ரொட்டியைப் பையிலிருந்து எடுத்தாள்.