வெப்பக் குழாய்

டிசா நதியின் ஓரம் உறைந்திருந்த ஜனவரி, செகெட் நகரம்.
ஆப்பிள் சாற்றுத் தட்டில், ஈஸ்ட்டின் மேல்
ஈக்கள் இட்டுப்போன முட்டைகளைத்
தூரிகையால் கூட்டி அள்ளுகிறேன்.
ப்ளீச்சில் இரண்டு நிமிடம்.
ஓடு கழன்று மினுங்குகிறது
அரை மில்லிமீட்டர் அரிசி.

சாயம் ஏற்றிப் பார்த்தால்
பழுப்பில் பதினான்கு கோடுகள்.
எண்ணுவேன், பழக்கம்தான்.
ஒருநாளும் பதின்மூன்று வந்ததில்லை.

கோட்டின் விளிம்பில் ஒரு செல்
பக்கத்துச் செல்லிடம் ஒன்று சொல்கிறது.
பக்கத்துச் செல் பதிலுக்கு வேறொன்று.
இவ்வளவுதான்.
தான் யார் என்பதைத்
தன்னிடம் வைத்துக்கொள்ள இடமில்லாமல்
சுவருக்கு அப்பால்
கொடுத்துவைத்ததுபோல.

எங்கள் அடுக்ககத்திலும் சுவர் மெலிது.
பக்கத்து வீட்டு லெஹெல் விதாச், டிராம் ஓட்டுநர்,
மூன்றரைக்கு எழுந்ததும்
வெப்பக் குழாயைக் கரண்டியால் இருமுறை தட்டுவார்:
உன் பக்கம் சூடு வந்ததா?
நான் மூன்று தட்டினால் வந்தது.
ஒன்று என்றால் இல்லை.
ஒன்பது குளிர்காலம்.
படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்போடு சரி.

இன்று என் லென்சின் கீழ் பழுதான வம்சம்.
முதல் செல்லுக்குச் சொல்லவே தெரியாது.
ஆனாலும் மூன்றாம் மணி முட்டைகளில்
பதினான்கும் ஒழுங்காய் வந்து நிற்கின்றன.
ஐந்தாம் மணியில் மங்கல்.
ஆறில் வெறும் முட்டை.
கொர்னேலியா எட்டிப் பார்த்து,
"சாயம் சரியில்லை" என்றாள்.
சாயம் சரிதான்.
செல்களும் அங்கேயேதான் இருக்கின்றன.
கேட்க எதுவும் வராததால்
கோடாக இருப்பதை விட்டுவிட்டன.

நாளைக்கு அதன் வயிறெங்கும் முள்ளாய் முளைக்கும்,
இடைவெளியே இல்லாத புல்தரையாக.
புழு ஊர்வதற்கு
ஊன்ற ஒரு பட்டை முள் வேண்டும்,
நழுவ ஒரு பட்டை வழவழப்பும் வேண்டும்.
இது முட்டையை விட்டு வெளியே வராது.

நவம்பரில் லெஹெல்
மகள் இருக்கும் பேச் நகருக்குப் போய்விட்டார்.
சொல்லிக்கொள்ளவில்லை; லிஃப்ட்டில் ஒரு நாற்காலி,
கட்டிய மெத்தை, அவ்வளவுதான் பார்த்தேன்.
சில வாரம் நானே தட்டிக்கொண்டிருந்தேன்,
கேட்காத கேள்விக்கு மூன்று, மூன்று.
பிறகு ஒரு விடியலில் கரண்டியை எடுத்தவளுக்குச்
சந்தேகம் வந்துவிட்டது:
சூடு வந்தால் மூன்றா, ஒன்றா?

நேற்று மூன்றரைக்குக் குழாயில் சத்தம்.
வெந்நீர் ஏறும்போது இரும்பு அப்படி முறியும்.
இரண்டுமுறை கேட்டது.
இருட்டில் எழுந்து
சமையலறை இழுப்பறையைத் துழாவினேன்.