இரண்டாம் ஆட்டம், ஈசூன்

எனக்கு அரை நொடி முன்பே
சிரித்துவிடுகிறாள் சுவீ லெங்.

திரைக்கு அடியில் ஆங்கில வரி
முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.
நாயகன் வாயைத் திறக்குமுன்
இவளுக்கு நகைச்சுவை போய்ச் சேர்ந்தாயிற்று.
முதலில் இவள் சிரிப்பு, பிறகு வசனம்,
அதன் பிறகே அரங்கம்.
முன்வரிசைக்காரர் இரண்டு முறை
திரும்பி முறைத்தார்.
மூன்றாம் முறை
இவள் சிரித்ததும் அவரும் சிரித்தார்,
வசனத்துக்குக் காத்திராமல்.

படம் இவள் தேர்வுதான்.
"அழவைக்கிற கதை வேண்டாம்,
முட்டாள்தனமாக ஒன்று போதும் உனக்கு."
கைப்பையில் கறிபஃப் நாலு, கடத்தல் சரக்கு.
சாங்கியில் நாளெல்லாம்
ஊர்ப் பைகளை ஊடுகதிரில் துருவுகிறவள்
தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு
நல்ல பிள்ளையாக உள்ளே வந்தாள்.
மூன்று வரிசைக்கு உருளைக்கிழங்கு மணத்தது.

கதை தெரிந்ததுதான்.
வாடகைக்கு வீடு கிடைக்கவேண்டி
புருஷன் பெண்டாட்டி என்று பொய்.
வீட்டுக்காரருக்குக் காது மந்தம்,
அவர் பூனைக்கு மட்டும் சந்தேகம்.
அடுப்பை அணைக்காதது யார் என்றொரு சண்டையில்,
அதுவரை 'நீங்க, நீங்க' என்றே பேசிவந்தவன்
கத்துகிறான்:
"நீ சாப்பிட்டியா? அத மொதல்ல சொல்லு!"

அரங்கமே விசிலடித்தது.
பின்வரிசைத் தம்பிகள் எழுந்தே விட்டார்கள்.
சுவீ லெங் மட்டும் திருதிருவென்று என்னைப் பார்த்தாள்.
"சாப்பிட்டாயா என்றுதானே கேட்டான்?
என் புளோக்கில் லிஃப்டுக்குள் எல்லாரும் கேட்பார்களே."

கடைசியில் அவன்
விமான நிலையத்துக்குள் ஓடினான், ஓடவேண்டுமே.
இவள் கறிபஃப் வாயோடு தீர்ப்புச் சொன்னாள்:
"பறக்கிற எண்ணமில்லாமல் உள்ளே நுழைந்தால் குற்றம்.
இரண்டாம் முனையமாயிருந்தால்
நானே பிடித்திருப்பேன்."

கோப்பிக்கடையில் மறுபடி அதே கேள்வி.
சொன்னேன்:
எங்களிடம் இரண்டு உண்டு.
ஒன்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைக்கும்.
மற்றது கட்டிலில் ஏறிக் காலை நீட்டிக்கொள்ளும்.
அவன் ஒன்றிலிருந்து மற்றதில்
தடுக்கி விழுந்தான்,
தனக்கே தெரியாமல்.

"திரும்ப எழுந்துபோய்
நாற்காலியில் உட்காருவதும் உண்டா?"

கைப்பேசியைத் திறந்து காட்டினேன்.
அவளால் படிக்க முடியாது.
'தெங்கா வீட்டு விண்ணப்பத்தை ரத்து பண்ணிடுங்க.'
மூன்று வருடம் 'டி' போட்டு அழைத்தவன்.
கடைசி இரண்டெழுத்தின்மேல்
விரல் வைத்தேன்.

சந்தேகப் பையைப் பார்ப்பதுபோல்
அந்த ரெண்டெழுத்தை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு டிஷ்யூ தாளை விரித்து
மை ஊற ஊற
ஒரு சீன எழுத்து வரைந்தாள்.
"இது 'நீ'."
அதன் அடியில் இன்னொன்றைச் செருகினாள்.
"இது இதயம்.
இப்படி வைத்தால் 'நீங்க'."

மரியாதைக்கா இதயம்?

"ஆமாம். ஆனால் வீட்டில் யாரும் சொல்வதில்லை.
வங்கிக் கடிதத்தில் வரும்,
கடன் பாக்கியிருந்தால்."

இந்த முறை
நான் முந்திக்கொண்டு சிரித்தேன்.
தே சி மூக்கில் ஏறியது.
தாளை அவள் தூக்கிப்போடவில்லை,
நான்தான் எடுத்து
கோப்பையின் கீழ் வைத்தேன், காற்றுக்கு.

கடைசிப் பேருந்து அவளுடையது.
படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக
அட்டை தட்ட மறந்து திரும்பினாள்.
இரண்டரை மணி நேரத்தில் பொறுக்கியதையெல்லாம்
ஒன்றாகக் கட்டி நீட்டினாள், தமிழில்:

"ஞாயிறு. வீடு. நீ வாங்க."

திருத்தவா என்று வாயெடுத்தேன்.
கதவு மூடிக்கொண்டது.