புளியங்கன் துரை

கம்பிவேலிக்குள் முட்டிபோட்டுக்
களை பிடுங்குகிறேன்.
மஸ்டர் ரோலில் என் பெயர் ஒச்சம்மா,
பக்கத்தில் தினக்கூலி என்று சின்ன எழுத்தில்.

நீலப்பலகை இரண்டு பாஷையில் மிரட்டுகிறது:
இடித்தால் சிறை, கிறுக்கினால் அபராதம்.
கல்லில் வெட்டிய பெயர் பிளென்கின்.
செக்கானூரணிக்கு இந்தப் பக்கம்
எல்லார் வாயிலும் புளியங்கன் துரை.
முப்பத்தொரு வயதில் பேதியில் போனாராம்,
கலியாணம் ஆகாத ஆள்.
சுருட்டு வைத்துக் கும்பிடலாமா என்று
ஊரில் ஒருதரம் யோசித்தார்களாம்.
வரி போட்ட கைக்கா என்று
யாரோ கேட்க, அதோடு விட்டது.

பகலெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தார்.
பொழுது சாய நாகமலைக் கரட்டில்
பூப் பறித்தார்.
பறித்ததைக் காகிதத்தில் வைத்து அமுக்கிக்
கப்பலேற்றினார்.
அன்றைக்குக் கப்பலேறியதெல்லாம்
இன்றைக்கு அவர் நெஞ்சின் மேலேயே முளைக்கிறது:
நாயுருவி, கொழுஞ்சி, மூக்கிரட்டை,
தலைமாட்டில் எந்நேரமும் குப்பைமேனி.
வேரோடு வராவிட்டால் மேஸ்திரி திட்டுவார்.

என் வீடு அதோ, அந்தப் பூவரசுக்குப் பின்னால்.
போன தை மாசம் கக்கூசுக்குக் குழி தோண்டினோம்.
ஜீப்பில் வந்தவர்கள் டேப்பை இழுத்தார்கள்.
தொண்ணூற்றியாறு மீட்டர்.
நூறுக்குள்ளே செங்கல் வைக்கக் கூடாதாம்.
நாலு மீட்டர்!
செத்து நூற்றியெழுபது வருஷம் ஆச்சு,
மனுசன் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்.
விடியுமுன் ஓடைக்குப் போய்த் திரும்பும்போது
என் மகள் வேலிப்பக்கம் பார்த்துக்
காறித் துப்பாமல் வருவதில்லை.

புரட்டாசியில் ஒரு பேராசிரியர் வந்தார்.
கையில் ஜெராக்ஸ்.
காய்ந்த செடி ஒன்று, நூலால் தைத்தது,
அடியில் சாய்ந்த எழுத்து.
"இதுக்கு வாலுல துரை பேருதாம்மா.
இந்தக் கரட்டுல மட்டுந்தான் இருந்துச்சாம்.
அவருக்கப்புறம் யாரும் பாக்கல."

வாங்கிப் பார்த்தேன்.
மதினி மூக்குத்தி.
நேற்றுக்கூட ஒரு கை பிடுங்கி
ஆட்டுக்குப் போட்டது.

"கெடச்சா என்ன செய்வீக, சார்?"
"மொதல்ல வேலி போடணும்."
"பாத்ததில்லயே, சார்."

அவர் செருப்பு வாரில் ஒட்டிக்கொண்டு
ஒரு சின்ன நீலம் போனது.
அதையும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை நின்ற மறுநாள்,
மூடாத குழியில், ஆட்டுப்புழுக்கை கொட்டிய இடத்தில்
கொத்துக் கொத்தாய் அதே பூ.
மகள் குனிந்து ஒன்றைக் கிள்ளி
மூக்கோடு வைத்து, போனில் முகம் பார்த்தாள்.
"இது பிடுங்குற செடியா, விடுற செடியாம்மா?"

எனக்கு அந்த நாலு மீட்டர் ஞாபகம்.
போன மாசக் கூலியும்
இன்னும் வரவில்லை.